நெய்யரியும் நுண்ணலையும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறியிருப்பதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். நீரை ஒழித்துப் பாலை மட்டும் உண்ணும் அன்னம் தலைமாணாக்கனுக்கு உவமை. நல்ல நெய்யைக் கீழே விட்டு, அதில் கிடந்த எறும்பையும் தூசியையும் தன்பால் தேக்கிக்கொள்ளும் நெய்யரி கடைமாணாக்கனுக்கு உவமை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இப்பகுதியைப் பயின்ற நாள் தொட்டு இவ்வுவமைகளை நான் வகுப்பறையில் எடுத்தாண்டு வந்திருக்கிறேன். எடுத்தாண்டது மட்டுமன்று; ஆறாம் ஆண்டில் பயின்ற பையன் ஒருவனை, அவன் செவிபடவே, நெய்யரி என்று சொல்லியும் இருக்கிறேன்.

அப்பையன் இன்று தொலைத்தொடர்புக் கோபுரங்களில் ஏறி இறங்கும் தொழில்நுட்பர். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று இல்லம் வந்தவன், தன் பையிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள உலோகப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். இரு முனையிலும் செவ்வக வாய். மேற்புறத்தில் வரிசையாகத் திருகாணிகள். உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. "இதுவும் நெய்யரிதான், ஐயா" என்றான். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் அச்சொல்லை மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

செயற்கைக்கோள் அலையை ஏற்கும் தட்டின் வாயில் அதனைப் பொருத்துவார்களாம். 2021 திசம்பரில் நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிச் சேவை தொடங்கியபின், 3.5 கிகாஹெர்ட்சை ஒட்டி அச்சேவையின் அலைகள் வலம் வருகின்றன. அதற்குச் சற்று மேலே, 4.2 கிகாஹெர்ட்சு வரையில், செயற்கைக்கோள் அலைகள் இறங்குகின்றன. பக்கத்துக் கோபுரத்திலிருந்து வருவது வலிய அலை. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவது மெலிந்த அலை. வலியதை வாயிலில் நிறுத்தி மெலியதை உள்ளே விடுவதே அப்பெட்டியின் தொழில். அன்று தொடங்கி இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். நான் கண்ட வரலாற்றைத் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறியியலார் 'பில்டர்' என்பதனை நாம் அலைவடிப்பான் எனலாம். அடுக்களையில் இரண்டு சல்லடைகள் இருப்பதாகக் கொள்வோம். பெருங்கண் சல்லடை கல்லை மேலே நிறுத்தும். சிறுகண் சல்லடை குருணையைக் கீழே விடும். இரண்டுக்கும் நடுவே தங்குவது அரிசி. அலைகளிலும் அவ்வாறே. ஒரு கீழெல்லைக்கும் ஒரு மேலெல்லைக்கும் இடைப்பட்ட அதிர்வெண்களை மட்டும் கடத்துவது பட்டைகடத்தும் வடிப்பான். அவ்வாறு கடத்தப்படும் பட்டையின் உள்ளேயே ஒரு குறுகிய கீற்றை மட்டும் அறுத்து விலக்குவது வெட்டுப்பட்டை. அரிசிக்குள்ளே கறுப்பு அரிசியை மட்டும் பொறுக்கி எடுப்பது போன்றது அது. சல்லடையால் ஆகாத வேலை.

எழுபதுகளின் இறுதியில், பந்திங்கை அடுத்த தோட்டமொன்றில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. பால்வெட்டு முடிந்து, குளித்து, மாலையில் என் தந்தையார் சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்பைத் தேடுவார். இருட்டியதும் மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திராவிலிருந்து ஓர் இந்தோனேசிய நிலையம் அதன்மேல் ஏறிக்கொள்ளும். செய்தி வாசிப்பவர் ஒரு சொல் சொல்வார். மறு சொல்லை அந்நிலையத்துப் பாடகி விழுங்கிவிடுவார். தந்தையார் திருகியை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துவார். அப்பெட்டியின் வடிப்பான் செய்யாமல் விட்ட வேலையை அவருடைய விரல் செய்தது என்பதை நான் அறிந்தது ஐம்பது வயதுக்குப் பிறகு.

வானொலியின் பிறப்பிலேயே இத்தொல்லை உடன்பிறந்தது. 1887, 1888ஆம் ஆண்டுகளில் செருமனியில் ஹைன்ரிக் ஹெர்ட்சு மின்பொறியினின்று அலைகளை எழுப்பிக் காட்டினார். 1895இல் ஜகதீச சந்திர போசு கல்கத்தா நகர மண்டபத்தில் அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பால் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார். போசு கையாண்டவை மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்கத்தக்க நுண்ணலைகள். 1897இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூசனில் அவர் காட்டிய கருவிகளில் அலையை வழிநடத்தும் உலோகக் குழலும் கொம்பு வடிவ வாயும் இருந்தன. என் மாணவன் கொண்டுவந்த பெட்டி அக்குழலின் கொள்ளுப்பேரன் எனலாம்.

பொறியினின்று எழும் அலை ஓர் அதிர்வெண்ணில் மட்டும் எழுவதன்று. இடி இடித்தால் ஊர் முழுவதும் கேட்பது போல, அஃது அகன்ற பட்டை முழுவதையும் ஒருசேர நிறைத்துவிடும். ஆகவே உலகின் முதல் வானொலியே மீயகலப்பட்டை வானொலி என்று சொன்னால் பிழையாகாது. ஒரு கப்பல் பேசினால் அண்டையிலுள்ள கப்பல்கள் வாய்மூட வேண்டியிருந்தது. ஆலிவர் லாட்சும் மார்க்கோனியும் சுருதி சேர்ப்பது போலக் கருவிகளை ஓரதிர்வெண்ணுக்கு இசைவிக்கும் வழிகளைக் கண்டனர். 1912இல் டைட்டானிக் மூழ்கியபின் நாடுகள் கூடி ஒழுங்கு வகுக்கலாயின. 1927இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலக மாநாடு பொறியலைபரப்பிகளைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு குறுகிய கீற்று, அதற்குள் அவரவர் நிற்க வேண்டும் என்பது அன்று ஏற்பட்ட அறம்.

அவ்வாறு நிற்க வேண்டுமாயின் வேலி வேண்டும். அவ்வேலி வந்த வழி வியப்பானது. தொலைபேசிக் கம்பி நீளநீளக் குரல் மெலிகிறது. அதனைத் தடுக்க இடையிடையே கம்பிச்சுருள்களைக் கோப்பது வழக்கமாயிற்று. அமெரிக்கத் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஆஷ்லி கேம்பல் என்பவர் இதனை ஆராய்ந்தபோது, சுருள் கோத்த கம்பி ஓர் எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண்களை அறவே கடத்தாமல் நின்றுவிடுவதைக் கண்டார். குரலுக்கு அது குறை. கேம்பலோ அக்குறையையே கருவியாக்கினார். 1915இல் அவர் விண்ணப்பித்த அலைவடிப்பான் உரிமம் 1917இல் வழங்கப்பட்டது. அதே காலத்தில் செருமனியில் கார்ல் வில்லி வாக்னரும் தனியே இதனைக் கண்டறிந்தார். ஒரே கம்பியில் பல உரையாடல்களை ஒன்றோடொன்று கலவாமல் அனுப்பும் முறை இதன்மேல் எழுந்ததே.

இத்துறையில் நான் பெரிதும் நின்று எண்ணிப் பார்த்த ஒருவர் உண்டு. 1900இல் பெர்லினில் பிறந்த வில்ஹெல்ம் கவர், வடிப்பான்களைக் கைப்பழக்கத்தால் அமைப்பதை விடுத்துக் கணிதத்தால் அமைக்க வழி கண்டவர். எந்த அதிர்வெண் கடக்க வேண்டும், எது எவ்வளவு தடைபட வேண்டும் என்று முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற சுற்றினைக் கணக்கிட்டுப் பெறுவது அவர் முறை. அவர் பெயரால் வழங்கும் வடிப்பானில், தடுக்கப்படும் பகுதியினுள்ளே சில அதிர்வெண்கள் முற்றாக அற்றுப் போகும்படி வைக்கப்பட்டிருக்கும். வேண்டாததைச் சுழியமாக்கும் புள்ளியை வேண்டிய இடத்தில் நட்டு வைக்கலாம் என்பதை அவர் காட்டினார். பிற்காலத்து வெட்டுப்பட்டைக்கு இதுவே முன்னோடிக் கருத்து என்பது என் துணிபு.

அவருடைய முன்னோருள் ஒருவர் யூதர். பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கிடம் வங்கியாளராக இருந்தவர். அந்த ஒரு துளிக் குருதியே, நாட்சியர் ஆட்சியில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டாமல் தடுக்கப் போதியதாயிற்று. தொலைபேசிக் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே 1941இல் தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். இரண்டாம் பகுதியின் கையெழுத்துப்படி போரில் அழிந்தது. போரின் இறுதியில் குடும்பத்தைப் பாதுகாப்பான ஊரொன்றில் சேர்த்துவிட்டுத் தாம் மட்டும் பெர்லினுக்குத் திரும்பினார். 1945 ஏப்பிரல் 22இல் சோவியத் படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே சோவியத் அரசின் உளவுத்துறை, உயிரோடு பிடித்துக் கொணர வேண்டிய அறிவியலார் எனத் தேடிக்கொண்டிருந்த பெயர்களுள் அவர் பெயரும் இருந்ததாம். எதைக் கடத்துவது, எதைத் தடுப்பது என்று வாழ்நாளெல்லாம் கணக்கிட்டவரை, யாரைத் தடுப்பது என்று அறியாத ஒரு கூட்டம் கொன்றுவிட்டது.

போர்க்காலத்தில் ரேடார் வந்தது. 1940இல் பர்மிங்காமில் உருவான மேக்னட்ரான் குழாயும், அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடமும் நுண்ணலைப் பொறியியலை ஒரு தனித்துறையாக்கின. ஐம்பதுகளின் தொடக்கத்தில், கனத்த உலோகக் குழல்களுக்கு மாற்றாகத் தட்டையான பலகையின்மேல் செப்புக் கீற்றுகளை வரைந்து அலையைச் செலுத்தும் முறை அறிமுகமாயிற்று. 1964இல் மத்தாய், யங், ஜோன்சு ஆகிய மூவர் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு நூலை எழுதினர். வடிப்பான் அமைப்போர்க்கு அது தொல்காப்பியம் போன்றது.

இனி நம் கதை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. 2002 பிப்பிரவரி 14ஆம் நாள், அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்சு வரை, அதாவது 7,500 மெகாஹெர்ட்சு அகலமுள்ள பட்டையில், உரிமமின்றி அலைபரப்ப இசைவளித்தது. பொறியலைக் காலத்தில் விலக்கப்பட்ட அகலம், முக்கால் நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வாசலுக்கு வந்தது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: ஆற்றல், கணினி முதலிய கருவிகள் தம்மையறியாமல் கசியவிடும் அளவைத் தாண்டக்கூடாது. முழு அகலத்தையும் நிரப்பினாலும் மொத்த ஆற்றல் அரை மில்லிவாட்டைச் சற்றே மிஞ்சும். திருமண மண்டபத்தில் அனைவரும் உரக்கப் பேசிக்கொண்டிருக்க, ஒருவர் எல்லாருடைய பேச்சுக்கும் அடியில் கிசுகிசுப்பது போன்ற ஏற்பாடு இது.

கிசுகிசுப்பாயினும் காதருகே இருந்தால் தொல்லைதான். அப்பட்டையில் ஏற்கெனவே குடியிருப்போர் பலர். பந்திங் வானத்தையே எடுத்துக்கொள்வோம். மழை மிகுந்த நம் நாட்டில் உயர்ந்த அதிர்வெண் அலைகளை மழைத்துளி விழுங்கிவிடும். கூரைமேல் தட்டு வைத்திருப்போர் மழை நாளில் படம் நின்றுபோவதைக் கண்டிருப்பர். அதனால் மழைக்கு அஞ்சாத 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்சு வரையிலான செயற்கைக்கோள் பட்டை நமக்கு இன்றியமையாதது. 1996 முதல் விண்ணிலேறிய மீசாட் கோள்களும் அதனைக் கையாண்டன. 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபின் நம் தலைக்குமேல் தாழ்ந்து செல்லும் விமானங்கள், தரைக்கும் தமக்கும் உள்ள உயரத்தை 4.2க்கும் 4.4க்கும் இடைப்பட்ட அலைகளால் அளக்கின்றன. 5 கிகாஹெர்ட்சுக்கு மேலே பள்ளிகளிலும் வீடுகளிலும் கம்பியில்லா இணையம் இயங்குகிறது. புதிதாக வருபவர் அகலமாகவும் வர வேண்டும். இவர்களுள் ஒருவர் காலையும் மிதிக்கக் கூடாது. வடிப்பான் அமைப்போர்முன் வைக்கப்பட்ட சிக்கல் இதுவே.

அதற்குக் கிடைத்த புகழ்பெற்ற விடைகளுள் ஒன்று நம் அண்டைவீட்டில், சிங்கப்பூரில் பிறந்தது. 2003இலேயே சிங்கப்பூர் அரசு தன் அறிவியல் பூங்காவில் மீயகலப்பட்டை ஆய்வுக்கெனத் தனி வட்டாரம் ஒன்றை ஒதுக்கியிருந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லே ஜு, ஷெங் சுன் என்பாரும், செருமனியின் உல்ம் பல்கலைக்கழகத்து வொல்ப்காங் மென்செலும் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

இவ்விடத்தில் சற்று விலகிச் சொல்வதைப் படிப்போர் பொறுத்தருள்க. அப்பல்கலைக்கழகம் நிற்கும் ஜூரோங் நிலம், சீனச் சமூகத்தார் தம் தாய்மொழியில் உயர்கல்வி பெற வேண்டுமென்று ஐம்பதுகளில் எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகத்தின் நிலம். செல்வர் டான் லார்க் சை அள்ளிக் கொடுத்தார். மும்மிதிவண்டி ஓட்டுநர்கள் ஒருநாள் கூலியைக் கொடுத்தனர். அதே காலத்தில் நம் கோ. சாரங்கபாணியாரும் தமிழ்க் கல்விக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று மக்களிடம் நிதி திரட்டினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1980இல் அச்சீனப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1981இல் அந்நிலத்தில் தொழில்நுட்பக் கழகம் தோன்றி, 1991இல் இன்றைய பல்கலைக்கழகமாயிற்று. கூலி கொடுத்தவர்கள் கேட்ட மொழியில் அக்கட்டுரை எழுதப்படவில்லை. அதனைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் ஒரு நெருடலும் ஒருங்கே தோன்றின.

அக்கட்டுரையின் கருத்துக்கு வருவோம். யாழ் நரம்பை மீட்டினால் அடிப்படைச் சுருதியோடு அதன் மடங்குகளும் சேர்ந்தொலிக்கும். செப்புக் கீற்றாலான அதிர்வியும் அத்தகையதே. அடிப்படை அதிர்வை மட்டும் பயன்கொண்டு, மேலெழும் அதிர்வுகளை வேண்டாத தொல்லையெனக் கருதி அடக்குவதே வழக்கம். இவர்கள் அவ்வேண்டாதவற்றையே அழைத்து வந்தனர். கீற்றின் நடுப்பகுதியை அகலமாகவும் இருபுறத்தையும் குறுகலாகவும் அமைத்தால், முதல் மூன்று அதிர்வுகளும் 3.1க்கும் 10.6க்கும் இடையே ஏறக்குறையச் சமமாகப் பரவி நிற்கும். இருபுறமும் நுழைவாயிலாக வைக்கும் இணைகீற்றுகள் மேலும் இரண்டு அதிர்வுகளைத் தரும். ஐந்தும் தோளோடு தோள் சேர்ந்து ஓர் அகன்ற வாயிலாகின்றன. கேம்பலின் சுருளில் குறையாக நின்றது கருவியானதும், இங்கே தொல்லையாக நின்றது வாயிலானதும் ஒரே குடும்பக் கதை.

அளவும் சிறிது. பட்டையின் நடுவான 6.85 கிகாஹெர்ட்சில் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர். மின்கோடுகளைச் செறிவிக்கும் தக்க பலகையின்மேல் அது 16, 17 மில்லிமீட்டராகச் சுருங்கும். பழைய உலோகக் குழலுக்கு எதிரே ஒரு விரல்நுனி.

இனி வெட்டுப்பட்டை. 2007இல் எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் ஹுசைன் ஷமான், ஜியா-ஷெங் ஹாங் ஆகியோரும், 2008இல் நன்யாங்கில் சை வாய் வாங், லே ஜு ஆகியோரும் அகன்ற வாயிலினுள் ஒரு கீற்றை மட்டும் அடைக்கும் அமைப்புகளை வெளியிட்டனர். அவற்றின் அடிப்படையை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். நேர்வழியில் ஒரு கிளையைப் பிரித்து, கால் அலைநீளத்தில் அதனை முட்டுச்சந்தாக முடித்துவிட வேண்டும். அக்கிளையில் நுழைந்த அலை முட்டித் திரும்பும்போது கால் போக, கால் வர, ஆக அரை அலைநீளம் நடந்திருக்கும். அது திரும்பிவரும் நேரத்தில் நேர்வழியில் முகடு எழுந்தால் இதில் பள்ளம் இருக்கும்; முகடும் பள்ளமும் கூடி ஒன்றுமில்லாமற்போகும். பிற அலைகளுக்கு அக்கணக்கு ஒவ்வாது; அவை அக்கிளையால் அவ்வளவு தாக்குறாமல் கடந்துவிடும். 5.5 கிகாஹெர்ட்சை விலக்க வேண்டிய கிளையின் நீளம் அப்பலகையில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஓர் அரிசி நீளத்துக்கு மேல் இல்லை. 3.5ஐ விலக்க 8 மில்லிமீட்டர் வேண்டும். இடப்பஞ்சத்தால் கிளையை மடித்தும், கீற்றின் வயிற்றிலேயே புதைத்தும், அடித்தளத்தில் கீறியும் பலர் பலவாறு முயன்றனர். ஒரு வெட்டு இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. அன்னத்தின் உடலில் நெய்யரியைப் பொதிந்து வைத்தாற்போன்ற இக்கருவியைப் பவணந்தியார் கண்டிருப்பின் எவ்வகையில் சேர்த்திருப்பாரோ?

நேர்மையாகச் சொல்வதாயின், இத்துறையில் வெளிவந்த கட்டுரைகள் கணக்கிறந்தவை. அவற்றுள் கடைத்தெருவுக்கு வந்தவை மிகச் சிலவே. பொதுத்தரம் வகுக்கக் கூடிய குழு இரு கட்சியாகப் பிரிந்து 2006இல் கலைந்தது. 2009க்குள் அவ்வகலப்பட்டையால் பெருந்தரவு அனுப்பும் முயற்சி தளர்ந்துவிட்டது. ஒரே வடிவத்தைச் சற்றே திருத்தி மீண்டும் மீண்டும் வெளியிட்டோரும் உண்டு; கவியரங்குகளிலும் நாம் காணாததன்று. ஆயினும் 2019இல் தொடங்கிக் கைத்தொலைபேசிகளுக்குள் மீயகலப்பட்டைச் சில்லுகள் வந்துள்ளன. பேசுவதற்கன்று, பொருள் எங்கிருக்கிறதென்று சாண் அளவில் தொலைவு காண்பதற்கு. வண்டியின் கதவு உரியவர் அருகே வந்ததும் தானே திறப்பது இதனால்தான். 2020இல் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்சை ஒட்டிய பெரும்பகுதியைக் கம்பியில்லா இணையத்துக்குத் திறந்துவிட்டமையால், அச்சில்லுகளுக்கு அண்டையில் மேலும் ஒரு குடி ஏறியிருக்கிறது. புதிய குடிக்குப் புதிய வெட்டு வேண்டும். வடிப்பான் வரைவோர்க்கு வேலை ஓயவில்லை.

இவற்றுட் பெரும்பாலானவற்றை நான் படித்தபின், விளங்காத இடங்களை என் மாணவனிடமே கேட்டுத் தெளிந்தேன். கால் அலைநீளக் கிளையை அவன் என் வீட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் வரைந்து காட்டினான். நீ இதனை எங்கே கற்றாய் என்றேன். ஆறாம் ஆண்டில் கடைசி வரிசையில் அமர்ந்து, பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றிய நாளிலிருந்து என்றான். அப்பெட்டியை அவனிடமிருந்து பறித்து அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தவன் நான். திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை, அவனும் கேட்கவில்லை. அன்றைய தினம் தேநீர் அருந்தி முடித்ததும் உலோகப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் சைபர்ஜெயாவில் ஒரு கூரைமேல் அதனைப் பொருத்த வேண்டியிருந்ததாம்.